கல்லூரி ஃபுட்பால் அணியில் மகனைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) அணியில் ஆடும் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. என் மகன் டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு பள்ளியில் கிக்கராக, அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் வீரனாக, ஆடி, 2025இல் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது இரண்டாம் பிரிவைச் சேர்ந்த ஒரு கல்லூரி அணியில் இருக்கிறான். கல்லூரிகள் வீரர்களைத் தேடிச் சேர்க்கும் முறையை, அதாவது எல்லோரும் 'ரெக்ரூட்டிங்' என்று சொல்வதை, எங்களுக்கு எடுத்துச் சொல்ல உறவிலோ நட்பிலோ ஒருவரும் இருக்கவில்லை. இப்போது கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, 2025–26 கல்வியாண்டின் விதிகளை ஒட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளியில் ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது?

நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்கள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படி, அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் ஏதேனும் ஒரு பிரிவில் கல்லூரிக்காக ஆடுகிறார்கள். முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறுவது அரிது. பிள்ளையின் ஆசையைக் குலைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் தெரியும் 30, 40 பல்கலைக்கழகங்களை மட்டுமே கல்லூரி ஃபுட்பால் என்று நினைத்துத் தேடத் தொடங்கினால், பிள்ளைக்கு உண்மையில் பொருத்தமான இடங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

பிரிவுகள் என்னென்ன? எந்தப் பிரிவில் பணம் கிடைக்கும்?

முதல் பிரிவுக்குள்ளேயே இரண்டு அடுக்குகள் உள்ளன. மேல் அடுக்கான எஃப்.பி.எஸ். என்பது அலபாமா, ஒஹாயோ ஸ்டேட், டெக்ஸஸ் போன்ற பெரிய பல்கலைக்கழக அணிகளைக் கொண்டது. 2025இல் அதில் 136 அணிகள் இருந்தன. அதற்கு அடுத்த எஃப்.சி.எஸ். அடுக்கில் மொன்டானா, சவுத் டகோட்டா ஸ்டேட் போன்ற வலுவான அணிகள் இருக்கின்றன. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் இந்த அடுக்கில்தான் ஆடுகின்றன. ஆனால் அவை விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை, குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன.

எஃப்.பி.எஸ். அணிகள் நெடுங்காலமாக 85 பேருக்கு முழு உதவித்தொகை தந்துவந்தன. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற, வீரர்களுக்குக் கல்லூரிகள் பணம் தருவது பற்றிய 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகைக்கான உச்சவரம்பு நீங்கி, அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கேட்கும்போது இது தாராளமாகத் தோன்றும். ஆனால் முன்பு பல அணிகள் உதவித்தொகை பெறாத வீரர்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்தன. அந்த வாசல் இப்போது சுருங்கிவிட்டது.

இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 36 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை உண்டு. அதைப் பயிற்சியாளர் தம் விருப்பப்படி கூறுபோடலாம் என்பதால், ஒருவருக்குக் கட்டணத்தில் பாதியும் இன்னொருவருக்குப் புத்தகச் செலவும் கிடைப்பது வழக்கம். என் மகனுக்கு ஃபுட்பாலுக்காகக் கிடைப்பது கட்டணத்தில் கால் பங்குதான். மதிப்பெண்ணுக்காகக் கிடைக்கும் தொகை அதைவிடப் பெரிது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை அறவே கிடையாது, ஆனால் படிப்புக்கான உதவி நிறையக் கிடைக்கும். ராணுவ, கடற்படை, விமானப்படை அகாடமிகளில் எல்லோருக்கும் படிப்பு இலவசம். பதிலுக்குப் படித்து முடித்தபின் படையில் பணியாற்ற வேண்டும்.

பயிற்சியாளர்கள் எப்போது தொடர்புகொள்ளத் தொடங்குவார்கள்?

முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள், மாணவன் 11ஆம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1 முதல்தான் அவனுக்குத் தனிப்பட்ட மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அதற்கு முன்பும் ஆர்வம் வேறு வழியில் வந்து சேரும்: கல்லூரிப் பயிற்சியாளர் உங்கள் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, "அந்தப் பையனை எனக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்" என்பார். ஆகவே பள்ளிப் பயிற்சியாளருடன் உங்கள் உறவு நன்றாக இருக்க வேண்டியது அவசியம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. சில காலங்களில் பயிற்சியாளர் வீட்டுக்கே வரலாம். சில காலங்களில் பள்ளிக்கு வந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் மாணவனிடம் உட்கார்ந்து பேசக்கூடாது. வேறு சில காலங்களில் கல்லூரி வளாகத்தில் மட்டுமே சந்திக்கலாம். எந்த இடத்திலும் நேரில் சந்திக்கக்கூடாத நாட்களுக்கு 'டெட் பீரியட்' என்று பெயர். அப்போதும் போனிலும் எழுத்திலும் பேசலாம். மே மாதத்தில் பள்ளி மைதானத்துக்கு வந்த பயிற்சியாளர் உங்கள் மகனிடம் முகம்கொடுத்துப் பேசாமல் போனால், அவருக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விதி அவரைத் தடுத்திருக்கும்.

"உனக்கு ஆஃபர் தருகிறோம்" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். இடம் உறுதிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாய்மொழியாகச் சொல்லப்படும் ஆஃபர் கல்லூரியையும் கட்டுப்படுத்தாது, மாணவன் 'கமிட்' ஆகிவிட்டேன், அதாவது அங்கே சேரச் சம்மதித்துவிட்டேன், என்று அறிவிப்பது அவனையும் கட்டுப்படுத்தாது. ஒரே இடத்துக்குக் கல்லூரி பல பேருக்கு ஆஃபர் சொல்லியிருக்கும். முதலில் சம்மதிப்பவரோ, பட்டியலில் மேலே இருப்பவரோ வந்ததும் மற்றவர்களுக்கு வரும் செய்திகள் நின்றுவிடும். கமிட் ஆன மாணவனும் பல நேரங்களில் கடைசி வாரத்தில் வேறு கல்லூரிக்கு மாறுகிறான். இரு தரப்பும் இப்படி நடந்துகொள்வதை அந்த வட்டாரத்தில் யாரும் பெரிய குற்றமாக எண்ணுவதில்லை. நிச்சயத்துக்கு முன்பே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும் நம் வழக்கத்துக்குத்தான் இது மிகுந்த வேதனையைத் தரும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 கோடையில் ஒரு கல்லூரியில் கிக்கர்களைக் கவனிக்கும் சிறப்பு ஆட்டப் பிரிவுப் பயிற்சியாளர் என் மகனிடம், உனக்காக ஓர் இடம் வைத்திருக்கிறேன் என்றார். வாரம் தவறாமல் செய்தி அனுப்பினார். அவன் பிறந்தநாளன்று காணொளியில் வாழ்த்தினார். நாங்கள் வேறு இரண்டு கல்லூரிகளின் அழைப்புகளுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டோம். நவம்பர் மாதத்தில் அந்தக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், அவருடன் எங்கள் பயிற்சியாளரும் வெளியேறினார். புதிதாக வந்தவர்கள் என் மகன் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வாரங்களில், பிழை எங்களுடையது என்று எனக்குப் புரிந்தது: மனிதர் நல்லவர் என்பதால் அவர் சொல்வதே கல்லூரியின் சொல் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். பயிற்சியாளர்கள் மாறும் காலமும் மாணவர்கள் கையெழுத்திடும் காலமும் ஒன்றின்மேல் ஒன்றாக வருவதால், இது யாருக்கும் நேரக்கூடியது.

எழுத்து வடிவிலான ஆஃபரை 12ஆம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரி அனுப்பலாம். அந்த நாள் கடந்தும் எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால், மரியாதையாக ஆனால் நேராகக் கேட்டுவிடுங்கள். கையெழுத்திடும் நாள்வரை மற்றக் கல்லூரிகளின் கடிதங்களுக்கு மகன் பதில் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

கையெழுத்திடும் நாள் எது? எதில் கையெழுத்திடுகிறார்கள்?

பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமைதான் பழைய மரபு. 2017 முதல் டிசம்பரிலும் கையெழுத்திட ஒரு குறுகிய காலம் தரப்பட்டது. மேல் அடுக்கில் இப்போது பெரும்பாலோர் டிசம்பரிலேயே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். 1964இல் தொடங்கிய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்னும் உறுதிப் பத்திரம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் உதவித்தொகை ஒப்பந்தமே நேரடியாகக் கையெழுத்தாகிறது. அது எத்தனை ஆண்டுகளுக்கானது, எந்தெந்தச் செலவுகளைக் கொண்டது, காயம்பட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள்.

மதிப்பெண் எவ்வளவு முக்கியம்?

நாம் வழக்கமாகப் பிள்ளைகளிடம் சொல்வதைவிடவும் முக்கியம், ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல. முதல் பிரிவில் ஆட, என்.சி.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அந்தப் பாடங்களில் மட்டும் 4.0க்கு 2.3 சராசரி பெற்றிருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. ஆங்கிலம் நான்கு ஆண்டுகள், அல்ஜீப்ரா முதற்கொண்டு கணிதம் மூன்று ஆண்டுகள், அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு என்று பட்டியல் நீளும். 2023 முதல் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்கள் இந்தத் தகுதிக்குத் தேவையில்லை. கல்லூரியின் சேர்க்கைக்கோ படிப்பு உதவித்தொகைக்கோ தேவைப்படலாம்.

தமிழ் வீடுகளில் 2.3 என்பது ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றும். சிக்கல் சராசரியில் வருவதில்லை, பாடப் பட்டியலில் வருகிறது. முதல் பிரிவுக்கு, 16 பாடங்களில் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்; அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும்; அந்தப் பத்தில் பெற்ற மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகப் பிறகு மீண்டும் எழுத முடியாது. கோடையில் இணையவழியில் விரைந்து முடிக்கும் சில பாடங்களை, ஆசிரியருடன் முறையான தொடர்பு இல்லை என்ற காரணத்தால் என்.சி.ஏ.ஏ. ஏற்பதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் தளத்தில் இருக்கிறது. 9ஆம் வகுப்பு முடியும் கோடையில் அதை அச்சிட்டு, பள்ளி ஆலோசகரின் முன் வைத்து, மகனின் மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

இன்னொன்று: எங்களிடம் பேசிய கல்லூரிப் பயிற்சியாளர்களில் ஒருவர் தவிர அனைவரும் காணொளியைப் பார்த்த கையோடு கேட்டது மதிப்பெண் பட்டியலைத்தான். மதிப்பெண்ணுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்கும் மாணவனுக்கு ஃபுட்பால் பணத்தில் சிறு பங்கு போதும் என்பதால், பயிற்சியாளருக்கும் அவன் லாபம்.

காணொளியில் என்ன இருக்க வேண்டும்?

ஆட்டக் காணொளிகளை ஏற்றி வைக்கும் ஹடில் தளத்தில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மிகாத ஒரு தொகுப்பு போதும். மிகச் சிறந்த ஆட்டங்கள் முதல் 30 நொடிகளில் வர வேண்டும், எந்த வீரரைப் பார்ப்பது என்று ஆட்டம் தொடங்குமுன் ஓர் அம்புக்குறி காட்ட வேண்டும், பாட்டு வேண்டாம். பெயர், பள்ளி, பட்டம் பெறும் ஆண்டு, உயரம், எடை, மதிப்பெண் சராசரி, பள்ளிப் பயிற்சியாளரின் தொலைபேசி எண் ஆகியவை காணொளியின் முதல் காட்சியில் இருக்கட்டும். உயரத்தைக் கூட்டி எழுதாதீர்கள், கல்லூரிகள் நடத்தும் முகாமில் காலணியைக் கழற்றச் சொல்லி அளப்பார்கள்.

கிக்கர்களுக்கு ஒரு செய்தி. பள்ளி ஆட்டத்தில் ஃபீல்டு கோல் எடுக்க, அதாவது கோல் கம்பங்களுக்கு இடையே பந்து போகும்படி, உதைக்கும்போது பந்துக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் தரையிலிருந்துதான் உதைக்க வேண்டும். என் மகனின் முதல் தொகுப்பு முழுவதும் கட்டையின்மேல் உதைத்தவை. ஜூன் மாத முகாம் ஒன்றில், கழுத்தில் தொங்கிய நிறுத்துக் கடிகாரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்த பயிற்சியாளர் அவன் பையிலிருந்து கட்டையை எடுத்ததைப் பார்த்து, "அதை உள்ளே வை" என்று மட்டும் சொன்னார். அன்று 40 கஜத்திலிருந்து உதைத்த பத்தில் நான்குதான் உள்ளே போயிற்று. அடுத்த ஆறு மாதங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள திடலில் கோல் கம்பங்களுக்கு நேர் பின்னே நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் தரையிலிருந்தே உதைத்தான். இப்போதுள்ள கல்லூரி அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் அழைத்தது.

கட்டண முகாம்களுக்கும் ரெக்ரூட்டிங் நிறுவனங்களுக்கும் பணம் கட்டலாமா?

கல்லூரிகள் தம் வளாகத்தில் ஜூன் மாதத்தில் நடத்தும் ஒரு நாள் முகாம்கள் பயனுள்ளவை, ஏனென்றால் முடிவெடுக்கும் பயிற்சியாளரே அங்கே நிற்பார். ஆனால் முகாமுக்கான பொது அழைப்புக் கடிதம் ஆயிரக்கணக்கானோருக்குப் போகும். அதை ஆர்வத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். பயிற்சியாளர் தம் பெயரில் எழுதி, மகனின் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் போய்வாருங்கள்.

ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு உங்கள் மகனின் விவரத்தைக் கல்லூரிகளுக்கு அனுப்புவதாகச் சொல்லும் நிறுவனங்கள் செய்வதை, மகனே மாலை நேரத்தில் உட்கார்ந்து செய்துவிடலாம். பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கல்லூரித் தளங்களிலேயே இருக்கின்றன. கடிதத்தை அவனே எழுதட்டும், நீங்கள் பிழை மட்டும் திருத்துங்கள். பெற்றோர் எழுதிய கடிதம் என்று அவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

நட்சத்திர மதிப்பீடு இல்லையென்றால் வாய்ப்பே இல்லையா?

பள்ளி வீரர்களின் திறமையை மதிப்பிட்டு ஐந்துவரை நட்சத்திரங்களைத் தருபவை தனியார் தளங்கள், கல்லூரிகள் அல்ல. ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்குச் சுமார் 30 பேருக்குத்தான். இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் ஆடும் பெரும்பாலோருக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் பள்ளி மாணவர்களை எப்படிப் பாதிக்கிறது?

மிகவும் பாதிக்கிறது, அதுவும் நடுத்தர வீரர்களை. 2018இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பெயர் கொடுக்கும் கல்லூரி வீரரை மற்றக் கல்லூரிகள் தொடர்புகொள்ளலாம். முன்பு கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் இருக்க வேண்டியிருந்தது; 2021இல் ஒரு முறை மட்டும் தடையின்றி மாறலாம் என்றாகி, 2024 முதல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. இப்போது பயிற்சியாளர் முன்னே இரண்டு பேர் நிற்கிறார்கள்: இன்னும் வளர வேண்டிய 17 வயதுப் பையன், ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் ஆடி உடல் முற்றிய 20 வயது இளைஞன். அடுத்த பருவத்தில் தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் உள்ளவர் யாரை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால், முன்பு எஃப்.பி.எஸ். அணிகளின் கீழ்ப்பகுதியில் இடம்பெற்றிருக்கக்கூடிய பள்ளி மாணவர்கள் எஃப்.சி.எஸ். அணிகளுக்கும், அங்கே போயிருக்கக்கூடியவர்கள் இரண்டாம் பிரிவுக்கும் நகர்கிறார்கள். இதை நான் முழுக்கவும் தீமை என்று கருதவில்லை. சிறிய கல்லூரியில் முதல் ஆண்டிலேயே களமிறங்கி ஆடும் மாணவன், பெரிய கல்லூரியில் மூன்று ஆண்டுகள் ஓரத்தில் நிற்பவனைவிட நன்றாக வளர்கிறான். பிறகு அதே போர்ட்டல் அவனுக்கும் திறந்திருக்கிறது. மாறும்போது ஏற்கெனவே படித்த பாடங்கள் புதிய கல்லூரியில் முழுமையாகக் கணக்கில் வராமல் போகலாம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

மாணவர்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் கிடைக்கிறதாமே?

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு கல்லூரியே தன் வருவாயிலிருந்து நேரடியாகத் தரலாம். 2025–26இல் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர்வரை தர அனுமதி உண்டு, பெரிய கல்லூரிகளில் அதன் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது. இந்தப் பணம் சில டஜன் கல்லூரிகளின் சில வீரர்களிடம் குவிகிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது உள்ளூர் உணவகத்தின் இலவசச் சாப்பாடும் சில நூறு டாலரும்தான்.

பெரிய தொகை என்றாலும் பேச்சை நம்பக்கூடாது. 2022இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்ட ஒரு குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) பேசப்பட்ட 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் நிறைவேறாமல் போக, அவர் வேறு கல்லூரிக்குச் சென்று பின்னர் வழக்குத் தொடுத்தார். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மண்ணில் இத்தகைய பணத்துக்காக வேலை செய்தால் விசா நிலையே கெடக்கூடும். பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஒரு ஆஃபரும் வரவில்லை. இனி என்ன செய்வது?

தொழில்முறை குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்னும் விவசாய ஊரில் பள்ளியை முடித்தபோது அவரை முதல் பிரிவுக் கல்லூரி எதுவும் கேட்கவில்லை. ரீட்லி என்னும் இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு பருவம் ஆடினார். நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வயோமிங் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 2018இல் பஃபலோ அணி அவரை என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகின் வீரர் தேர்வில் ஏழாவது வீரராக எடுத்தது, 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டாண்டுக் கல்லூரி என்பது உண்மையான வழி. உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரும் 'வாக்-ஆன்' வழியும் இருக்கிறது. கிக்கர்களும், உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் எறிந்து தரும் ஸ்னாப்பர்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்கு நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் உங்களால் தாங்க முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

கல்லூரிக்கு நேரில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லூரியே செலவை ஏற்கும் அதிகாரப்பூர்வ வருகை, 11ஆம் வகுப்பின் ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்படுகிறது. இரண்டு இரவு தங்கலாம். புது உடை அணிவித்துப் படம் எடுப்பார்கள், விளக்கொளியில் மகனின் பெயரைச் சுவரில் காட்டுவார்கள், விருந்து தடபுடலாக இருக்கும். அவற்றில் பிள்ளை மயங்குவது இயல்பு.

பெற்றோர் அந்த நேரத்தில் வேறு இடங்களுக்குப் போய் வரலாம். படிப்பு ஆலோசகரைச் சந்தித்து, மகன் விரும்பும் பொறியியல் துறையின் பிற்பகல் ஆய்வகங்கள் பயிற்சி நேரத்தோடு மோதுமா, மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒரு கல்லூரியில், "எங்கள் வீரர்களில் பொறியியல் படிப்பவர் யாரும் இப்போது இல்லை" என்று நேர்மையாகச் சொன்னார்கள். நான்காம் ஆண்டில் இருக்கும், அதிகம் களமிறங்காத ஒரு வீரரோடு மகன் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். அணியின் மருத்துவ உதவியாளரிடம், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவை யார் ஏற்பார்கள், குடும்பக் காப்பீடு முதலில் செலுத்த வேண்டுமா, தலையில் அடிபட்ட வீரர் மீண்டும் ஆடலாம் என்று முடிவு செய்பவர் மருத்துவரா பயிற்சியாளரா என்று கேளுங்கள். இப்போது என் மகன் படிக்கும் கல்லூரியில் அந்தக் கடைசிக் கேள்விக்கு மருத்துவ உதவியாளர் பதில் சொல்லும் முன் எழுந்து, அலமாரியிலிருந்து இரண்டு பக்க விதித்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் தலைமைப் பயிற்சியாளர்கூட வீரரைக் களத்துக்கு அனுப்ப முடியாது என்று அதில் எழுதியிருந்தது.